சிவப்புச் சட்டையும் மெழுகுவர்த்தியும்

2002 ஜூன் 13, வியாழக்கிழமை. தென் கொரியாவில் அன்று உள்ளாட்சித் தேர்தல், அதனால் விடுமுறை. மறுநாள் இரவு இஞ்சியோனில் போர்ச்சுகலோடு உலகக் கோப்பை ஆட்டம். தோற்காமல் இருந்தால் போதும், அடுத்த சுற்று நிச்சயம். நாடே அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. வாக்களித்தவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. அந்த வியாழன் காலையில்தான் சியோலுக்கு வடக்கே, யாங்ஜு வட்டாரத்தின் ஒரு கிராமத்துச் சாலையோரம், தோழியின் பிறந்தநாளுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஹியோசூன், மிசொன் என்ற இரண்டு சிறுமிகள் அமெரிக்க ராணுவத்தின் கவச வாகனம் ஏறி இறந்துபோனார்கள். இருவருக்கும் வயது 14.

மறுநாள் இரவு கொரிய வீரர் பார்க் ஜி-சுங் பந்தை மார்பில் வாங்கி, வலது காலால் தடுப்பாட்டக்காரரைத் தாண்டித் தூக்கிவிட்டு, இடது காலால் வலைக்குள் அடித்தார். உலகக் கோப்பையில் முதல் சுற்றைக் கொரியா தாண்டியது அதுதான் முதல் முறை. சனிக்கிழமை நாளிதழ்களின் முதல் பக்கத்தில் சிவப்புச் சட்டைக் கூட்டம். சிறுமிகளின் சாவு உள்பக்கத்துத் துணுக்கோடு முடிந்தது.

குவாங்ஜு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அரசியல், போராட்டம், ஊடகம், கால்பந்து என்று இந்த நாட்டைப் பற்றி எதை யோசித்தாலும் நான் அந்தத் தேதிக்கே வந்து நிற்கிறேன். பந்தைக் காட்டி ஜனங்களை மயக்கிவிடுகிறார்கள் என்று நம் ஊரில் சொல்வதைப் போலவே இங்கேயும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஜூனில் மக்கள் சிறுமிகளை மறந்துவிடவில்லை. மறப்பதற்கு முதலில் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியப்படுத்த வேண்டியவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை.

யாங்ஜுவுக்குப் போக சியோலிலிருந்து முதலாம் எண் ரயில் தடம் இருக்கிறது. உய்ஜொங்பு தாண்டியதும் அடுக்குமாடிகள் குறைந்து வயலும் பசுமைக்குடில்களும் வரும். அதே தடத்தில் இன்னும் மேலே போனால் தொங்துசொன். அமெரிக்க ராணுவத்தின் கேசி முகாம் இருக்கும் ஊர். யாங்ஜுவில் இறங்கிப் பேருந்து பிடித்து ஹியோச்சோன்-ரி கிராமத்துக்குப் போனேன். 2002-இல் அந்தச் சாலைக்கு நடைபாதை கிடையாது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். வந்த வாகனம் பாலம் போடும் உபகரணம் சுமந்தது. அதன் அகலம் அது ஓடிய தடத்தைவிட அதிகம். எதிரே இன்னொரு ராணுவ வாகனம் வந்தது. ஒதுங்கினால் ஓரத்தில் நடப்பவர்களுக்கு இடமில்லை என்பதைக் கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். மேட்டில் அமெரிக்கப் படைப்பிரிவு அந்த ஆண்டே வைத்த நினைவுக்கல் நிற்கிறது. அதன் அருகே மக்கள் காசு சேர்த்து அமைத்த அமைதிப் பூங்காவுக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூங்காவில் நிற்கும்போது கனரக லாரிகள் போகும் சத்தம் காலடியில் அதிர்கிறது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் நடக்க ஓரத்தில் இடம் இருக்கிறது.

அந்த வாகனத்தில் இருந்த இரண்டு வீரர்களையும் கேசி முகாமுக்குள் அமெரிக்க ராணுவ நீதிமன்றமே விசாரித்தது. கொரிய நீதிமன்றத்துக்கு வழக்கு வரவில்லை. 2002 நவம்பரில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு. பெரிய நாளிதழ்கள் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது இணையத்தில் ஒருவர் ஒரு யோசனை எழுதினார்: மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு சியோலின் குவாங்ஹ்வாமுனில் கூடுவோம். நவம்பர் 30 சனிக்கிழமை மாலை கூட்டம் கூடியது. டிசம்பரில் அது பல்லாயிரமாகப் பெருகியது. ஜூனில் சிவப்புச் சட்டை போட்டு நின்ற அதே தெரு, பெரும்பாலும் அதே வயதுக்காரர்கள். விஷயம் தெரிந்ததும் வந்துவிட்டார்கள்.

மெழுகுவர்த்திக்குப் பின்னால் சட்டம் ஒன்றும் இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு ஆர்ப்பாட்டம் நடத்த அன்றைய கொரியச் சட்டத்தில் தடை இருந்தது, கலைநிகழ்ச்சிகளுக்கு விலக்கு. ஆகவே கூட்டத்துக்குக் கலைவிழா என்று பெயர் வைத்தார்கள். பாட்டு, பேச்சு, மேடையில் ஒரு இசைக்குழு, கையில் வெளிச்சம். இரவுக் கூட்டத் தடை அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அதற்குள் பாடிக்கொண்டே போராடுவது இந்த நாட்டின் வழக்கமாகிவிட்டது. கொரியப் போராட்டங்களைப் பார்த்து, ஏதோ கச்சேரி மாதிரி இருக்கிறதே என்று வியக்கும் வெளிநாட்டு நிருபர்கள் இந்தக் காரணத்தையும் எழுதலாம்.

சியோல் போனால் நான் நகர மன்றத்தின் முன்னே இருக்கும் புல்தரையைத் தவறாமல் சுற்றிவருவேன். 2002 ஜூனில் அது ஒரு போக்குவரத்து வட்டம். கார்கள் சுற்றிப்போகும் தார்ச்சாலை. ஆட்டம் பார்க்க மக்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஜெர்மனியோடு அரையிறுதி நடந்த ஜூன் 25 அன்று நாடு முழுக்கத் தெருவில் நின்று பார்த்தவர்கள் பல லட்சம் என்று காவல்துறை கணக்குச் சொன்னது. உலகக் கோப்பை முடிந்து, 2004-இல் அந்த வட்டத்தை மூடிப் புல் வளர்த்துச் சதுக்கமாக்கினார்கள். ஒரு தலைநகரத்தின் நடுவில் மக்கள் கூட இடம் கிடைத்தது ஒரு பந்தால்தான். பிறகு 2009-இல் அரசு போலீஸ் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அந்தச் சதுக்கத்தையே மறித்தது. அது செல்லாது என்று 2011-இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உட்காரும் உரிமைக்கு இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சதுக்கத்திலிருந்து குவாங்ஹ்வாமுன் வரை நடந்தால் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக வரும். சோசுன் இல்போவும் தோங்கா இல்போவும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. 2002-இல் மக்கள் ஆட்டம் பார்த்த பெரிய திரைகளில் சில பத்திரிகைக் கட்டடங்களின் மேலேயே இருந்தவை. அதே கட்டடங்களின் முன்னால்தான் பிற்பாடு மெழுகுவர்த்தியோடும் உட்கார்ந்தார்கள். செய்தியாக வேண்டியவர்கள் செய்தி எழுதுபவர்களின் வாசலிலேயே கூடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே எண்ணிவிடலாம்.

சிவப்பு நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரியப் போர் முடிந்த பின் பல பத்தாண்டுகளுக்குத் தென் கொரியாவில் சிவப்பு என்றால் வடக்கு, கம்யூனிசம், உளவு. ஒருவரைச் சிவப்பன் என்று சொல்லிவிட்டால் அவர் வேலை போகும், சிறைக்கும் போகலாம். அந்த நாட்டில் தாத்தா பாட்டியும் குழந்தையும் சிவப்புச் சட்டை போட்டுத் தெருவில் இறங்கி, நாட்டின் பெயரைச் சொல்லி ஐந்து முறை கைதட்டினார்கள். கண்ணீர்ப்புகை இல்லாமல் ஒரு கூட்டத்தில் நிற்க முடியும் என்பதை ஒரு தலைமுறை அந்த மாதத்தில் உடம்பால் பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் நவம்பரில் உதவியது என்று நான் நம்புகிறேன். கோபம் கூட்டத்தை ஒரு நாள் கூட்டும். கூடிப் பழகிய மகிழ்ச்சி இருந்தால்தான் மறு சனிக்கிழமையும் வருவார்கள்.

இதை அரசியல்வாதிகளும் கவனித்தார்கள். உலகக் கோப்பையைக் கொரியாவுக்குக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு வகித்தவர் சுங் மோங்-ஜூன். கொரியக் கால்பந்து சங்கத் தலைவர், ஃபிஃபா துணைத் தலைவர், ஹூண்டாய் குழுமத்தை நிறுவியவரின் மகன். (நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்கும் வேர் அந்தக் குடும்பம்தான்.) ஆட்டம் தந்த புகழோடு அவர் அதே ஆண்டு அதிபர் தேர்தலில் இறங்கினார். தொழிலாளர் வழக்கறிஞராக இருந்த ரோ மூ-ஹ்யுனும் அவரும் கருத்துக்கணிப்பு வைத்து, யார் நிற்பது என்று முடிவு செய்தார்கள், ரோ வென்றார். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு சுங் ஆதரவை விலக்கிக்கொண்டார். அந்த இரவு முழுக்க இளைஞர்கள் கைபேசியிலும் இணையத்திலும் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். டிசம்பர் 19 அன்று ரோ 48.9 சதவீதம் பெற்று வென்றார். வென்ற பின் அவர் உள்நாட்டு ஊடகத்துக்கு அளித்த முதல் பேட்டி பெரிய நாளிதழ் எதற்கும் இல்லை. குடிமக்கள் எல்லோரும் நிருபர்களே என்று சொல்லி 2000-இல் தொடங்கிய ஓமைநியூஸ் இணைய இதழுக்கு.

நான் வசிக்கும் குவாங்ஜுவில் ஊடகத்தைப் பற்றிய கோபம் இன்னும் பழையது. கும்னம்-நோ வீதியில், பழைய மாகாண அலுவலகத்துக்கு அருகில், ஜொனில் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் அது செய்தித்தாளும் வானொலியும் இயங்கிய இடம். 1980 மே மாதம் தளபதி சுன் டூ-ஹ்வானின் ராணுவம் நகர மக்களைச் சுட்டபோது ஹெலிகாப்டரிலிருந்தும் சுட்டது என்று சாட்சிகள் சொல்லிவந்தார்கள், ராணுவம் மறுத்தது. பல ஆண்டுகள் கழித்து, கட்டடத்தை ஆராய்ந்தபோது பத்தாம் மாடியில் தோட்டாத் துளைகள் கிடைத்தன. முதலில் எண்ணியபோது 245. கட்டடத்தின் கதவிலக்கமும் 245 என்பதால் அந்த எண்ணையே பெயரோடு சேர்த்து 2020-இல் திறந்தார்கள். தூணிலும் தரையிலும் ஒவ்வொரு துளைக்கும் ஒட்டுக் குறியும் எண்ணும் இட்டிருக்கிறார்கள். சில துளைகள் தரையில் மேலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக இறங்குகின்றன. பத்தாவது மாடியின் தரையில் அப்படிப் பாய, சுட்டவர் அதற்கும் மேலே வானத்தில் இருந்திருக்க வேண்டும். மாணவர்களை அழைத்துப் போனால் நான் எதுவும் விளக்குவதில்லை. அந்தக் கோணத்தை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மே மாதம் செய்தித்தாள்கள் ராணுவத் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. ஜொன்னம் மேயில் நாளிதழின் நிருபர்கள், கண்ணால் கண்டதை ஒரு வரிகூட அச்சிட முடியாத வெட்கத்தில், மே 20 அன்று கூட்டாகப் பேனாவைக் கீழே வைத்தார்கள். நகரத்தில் ரத்தம் ஓடும்போது தொலைக்காட்சி வழக்கமான நிகழ்ச்சிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு மக்கள் எம்பிசி நிலையத்தைக் கொளுத்தினார்கள், அடுத்து கேபிஎஸ். கட்டடத்தைக் கொளுத்துவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பொய் சொல்லும் தொலைக்காட்சியின் மேல் ஒரு ஊர் எவ்வளவு காயப்பட்டிருக்கும் என்பது அந்தத் தீயில் தெரிகிறது. உலகத்துக்குப் படம் போனது டோக்கியோவிலிருந்து வந்த ஜெர்மன் ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர் மூலம். அவருடைய முடியும் நகமும் குவாங்ஜுவின் மாங்வோல்-தோங் மயானத்தில் புதைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செய்தியாளருக்கு ஒரு நகரம் தரக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

அதே குவாங்ஜுவில்தான் 2002 ஜூன் 22 அன்று ஸ்பெயினோடு காலிறுதி நடந்தது. கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. லீ வூன்-ஜே ஒன்றைத் தடுத்தார். கடைசிப் பந்தை ஹாங் மியுங்-போ வலைக்குள் வைத்தார். 1980-இல் பிணங்கள் கிடந்த கும்னம்-நோவில் அன்று மாலை சிவப்புச் சட்டைகள் நிரம்பின. இழப்புகளைத் தாங்கிய குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களில் சிலர் அன்றுதான் அந்த வீதியில் முதல் முறையாகச் சிரித்தபடி நடந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மைதானத்துக்குப் பயிற்சியாளர் குஸ் ஹிட்டிங்க்கின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றி என் கருத்தையும் மறைக்கவில்லை: ஸ்பெயினின் இரண்டு கோல்கள் மறுக்கப்பட்டன, இரண்டாவதில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகவில்லை என்பதைப் படம் தெளிவாகக் காட்டுகிறது, கோல் கொடுத்திருக்க வேண்டும். அன்றைய கொரிய ஊடகங்களில் இதைப் பேச இடம் இருந்திருக்கவில்லை. என் மாணவர்களோடு பேசும்போது அவர்கள் தயங்காமல் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு வெற்றியை நேசித்துக்கொண்டே அதைப் பற்றிய உண்மையையும் சொல்ல முடியும் என்று அந்தப் பிள்ளைகள் காட்டுகிறார்கள்.

மாசான் துறைமுகத்துக்கு நான் போனது ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியரோடு. கொரிய மொழி கற்பித்தவர். நான் அவரை சொன்செங்னிம், அதாவது ஆசிரியர், என்று கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படியே. அவருக்குச் சொந்த ஊர் மாசான். 1960 மார்ச் 15 அன்று நடந்த மோசடித் தேர்தலை எதிர்த்து ஊர் கிளம்பியபோது, அங்கே பள்ளியில் சேர வந்திருந்த கிம் ஜு-யோல் என்ற பையன் காணாமல் போனான். ஏப்ரல் 11 அன்று துறைமுகத்தில் அவன் உடல் மிதந்தது. கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்திருந்தது. புசான் இல்போ நாளிதழ் நிருபர் எடுத்த படம் நாட்டை உலுக்கியது. இரண்டு வாரத்தில் அதிபர் சிங்மன் ரீ பதவி விலகினார். உடல் கரையேறிய இடத்தில் தண்ணீர் இப்போது அமைதியாக இருக்கிறது, பக்கத்தில் மீன் உணவகங்கள். "ஒரு போட்டோ வெளிவந்ததால் ஆட்சி போனது. அதனால்தான் அடுத்து வந்தவர்கள் முதலில் பத்திரிகையைப் பிடித்தார்கள்," என்றார் அவர்.

அங்கிருந்து பழைய மைதானத்துப் பக்கம் கூட்டிப் போனார். 1987 ஜூன் 10. சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவர் பார்க் ஜோங்-சுல் போலீஸ் சித்திரவதையில் இறந்த கோபத்தில் நாடெங்கும் ஊர்வலம். அன்றே மாசான் மைதானத்தில் அதிபர் கோப்பைக்காகக் கொரியாவும் எகிப்தும் ஆடிக்கொண்டிருந்தன. வெளியே வீசிய கண்ணீர்ப்புகை காற்றில் உள்ளே வந்தது. ஆட்டக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள், ஆட்டம் நிறுத்தப்பட்டது, பார்க்க வந்தவர்களில் பலர் அப்படியே ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். அன்று இளைஞராக இருந்த சொன்செங்னிம் அந்தக் கேலரியில் இருந்தவர். மக்களின் கவனத்தைத் திருப்பத்தான் ராணுவ ஆட்சி விளையாட்டை வளர்த்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். 1982-இல் தொழில்முறை பேஸ்பால், 1983-இல் தொழில்முறைக் கால்பந்து. நோக்கம் அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் மாசானில் ஆட்சியாளர்களே சீட்டு விற்று ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஆசிரியர்கள் இதிலெல்லாம் எங்கே நிற்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது. 1960 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை, தேகு நகரத்தில் எதிர்க்கட்சிக் கூட்டம். மாணவர்கள் போய்விடக் கூடாதென்று உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமையே வரச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் தேர்வு, ஒன்றில் சினிமா, ஒன்றில் முயல் வேட்டை என்று காரணம். அந்த ஆணையை வகுப்பில் படித்துக் காட்டிய ஆசிரியரின் முகத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்தே ஊர்வலமாகக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 25 அன்று, சியோலில் 258 பேராசிரியர்கள் மாணவர்களின் ரத்தத்துக்குப் பதில் கேட்டுத் தெருவில் நடந்தார்கள். மறுநாள் ரீ விலகினார். முயல் வேட்டை ஆணையிலிருந்து அந்த ஊர்வலம் வரை ஆசிரியர் சமூகம் நடந்த தூரம் மிகப் பெரிது.

ஆனால் சட்டம் அந்தத் தூரத்தை நடக்கவில்லை. 1989-இல் பள்ளி ஆசிரியர்கள் சங்கம் தொடங்கியபோது சுமார் 1,500 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். சொன்செங்னிம் அவர்களில் ஒருவர். 1994-இல் திரும்ப வேலை கிடைத்தது, சங்கத்தை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு. சங்கம் சட்டப்படி ஏற்கப்பட்டது 1999-இல். வேலை நீக்கப்பட்ட 9 பேர் உறுப்பினராக இருக்கிறார்கள் என்பதற்காக 2013-இல் அரசு மறுபடி அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. 2020-இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்சியில் சேரலாம், தேர்தலில் நிற்கலாம். பள்ளி ஆசிரியருக்குக் கட்சி உறுப்பினராகவே தடை. 2022 முதல் 16 வயது மாணவர் கட்சியில் சேரலாம். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கும் உரிமை கரும்பலகை முன் நிற்பவருக்கு இல்லை. இதற்கு நடுநிலை என்று பெயர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். வகுப்பில் கட்சிப் பிரசாரம் கூடாது, சரி. மாலையில் வீட்டுக்குப் போன மனிதரை ஏன் விடாமல் துரத்த வேண்டும்?

என் நிலை வேறு. குடிவரவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது என்கிறது. நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்று ஆண்டு ஆனவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2006-இலிருந்து இருக்கும் நல்ல ஏற்பாடு அது. எனக்கு அந்த உரிமை இன்னும் வரவில்லை. ஆகவே கும்னம்-நோவில் கூட்டம் கூடும் நாட்களில் நான் நடைபாதையில், மருந்துக்கடை ஓரத்தில் நிற்பேன். முழக்கம் போட மாட்டேன், பதாகை வாங்க மாட்டேன். மாணவர்கள் பார்த்துத் தலைகுனிந்து வணங்கிவிட்டுக் கூட்டத்துக்குள் போவார்கள்.

2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கியதைப் பற்றி இங்கே யாரும் சாதாரணமாகப் பேச மாட்டார்கள். 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் சுற்றுலா கிளம்பிய ஒரே பள்ளி மாணவர்கள். அன்று காலை தொலைக்காட்சிகள், மாணவர்கள் அத்தனை பேரும் மீட்கப்பட்டார்கள் என்று அறிவித்தன. கப்பல் அதற்குள் கவிழ்ந்திருந்தது. பெற்றோர் அந்தச் செய்தியை நம்பி மாற்று உடைகளோடு கிளம்பினார்கள். மேல்தளத்தில் நின்றுவிடாமல் பிள்ளைகளிடம் கீழே போய் உயிர்க்கவசம் கொடுத்து இறந்த ஆசிரியர்களில் இரண்டு பேர் ஒப்பந்த ஆசிரியர்கள். நிரந்தர வேலை இல்லை என்பதால் பணியில் உயிர்துறந்தவர்கள் என்ற மதிப்பு அவர்களுக்குக் கிடைக்க 2017 வரை ஆனது. நானும் ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஆசிரியர்தான். சாவில்கூட நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்த அந்த மூன்று ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2016 அக்டோபர் 24 அன்று ஜேடிபிசி தொலைக்காட்சி, அதிபர் பார்க் கியுன்-ஹேயின் தோழியிடம் இருந்த டேப்லெட்டில் அதிபரின் உரைகள் முன்கூட்டியே இருந்ததைக் காட்டியது. அந்த வாரமே சனிக்கிழமைக் கூட்டங்கள் தொடங்கின. பனியிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடினார்கள். டிசம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தில் 234 பேர் பதவிநீக்கத்துக்கு வாக்களித்தார்கள்; 2017 மார்ச் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில், 2017 ஜனவரியில், மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நம் பிள்ளைகள் கைபேசி வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டிய படத்தை என் வகுப்பில் போட்டுக் காட்டுவதுண்டு. சியோல் என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் கடலைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

சரியாகச் செய்த ஊடகம் ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2016 சாட்சி. 2024 டிசம்பர் 3 இரவு அதற்கு எதிர்ச்சாட்சி. பத்தரை மணிவாக்கில் அதிபர் யூன் சுக்-யோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அதன் முதல் ஆணையிலேயே இருந்தவை: அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை, கூட்டங்களுக்குத் தடை, எல்லா ஊடகமும் ராணுவத் தலைமையின் கட்டுப்பாட்டில். குவாங்ஜுவில் எங்கள் குடியிருப்பில் வயதானவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கீழ்வீட்டு அம்மா, 1980-இல் பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தவர், குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கத் தொடங்கினார். சியோலில் மக்கள் நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்தார்கள். கைபேசியில் நேரலை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு, வந்திருந்த 190 பேரும் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். விடிவதற்குள் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. 1980-இல் ஒரு ஜெர்மானியர் படச்சுருளை ஒளித்து எடுத்துப்போக வேண்டியிருந்தது. இந்த முறை ஒவ்வொருவர் கையிலும் ஒளிபரப்பு இருந்தது.

அடுத்து வந்த வாரங்களில் இளம்பெண்கள் தங்கள் அபிமானப் பாடகர்களின் விளக்குக் கோல்களோடு நாடாளுமன்றத்தின் முன்னே நின்றார்கள். வர முடியாதவர்கள் அக்கம்பக்கத்துக் கடைகளில் காப்பிக்கும் கிம்பாப்புக்கும் முன்பணம் கட்டிவிட்டு, போராடுபவர்கள் யார் வந்து கேட்டாலும் கொடுங்கள் என்றார்கள். வெளிநாட்டிலிருந்தும் கட்டினார்கள். 1980-இல் குவாங்ஜு சந்தைப் பெண்கள் சோற்றுருண்டை பிடித்து வந்து ஊட்டினார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்துக்குச் சோறு போடுவது இந்த நாட்டில் போராட்டத்தின் ஒரு பாதி.

கைபேசிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தேர்தலில் மோசடி என்ற ஆதாரமற்ற கதைகளை யூடியூபில் கேட்டுக் கேட்டுக் கொதித்த கூட்டம் 2025 ஜனவரி 19 அதிகாலை சியோலில் ஒரு நீதிமன்றத்துக்குள் புகுந்து உடைத்தது. பிப்ரவரியில் எங்கள் கும்னம்-நோவிலேயே யூனுக்கு ஆதரவாகவும் எதிராகவும் இரண்டு கூட்டங்கள். நடுவே போலீஸ் பேருந்துகள். ஆதரவு மேடையில் பேசியவர்களில் ஒருவர் தேர்வுப் பயிற்சி நிலையங்களில் பெயர்பெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் தனியார் ஆசிரியர், எந்த மேடையிலும் ஏறலாம். எதிரே நின்ற கூட்டத்தில் பள்ளி ஆசிரியர்கள் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்த மனிதரின் கருத்து எனக்கு அறவே ஏற்பில்லை, ஆனால் பேசும் உரிமை அவருக்கு உண்டு. தொப்பிக்குக் கீழே இருந்தவர்களுக்கும் வேண்டும். ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவிநீக்கினார்கள். ஜூன் 3 தேர்தலில் லீ ஜே-மியுங் வென்றார். இரண்டு நாள் கழித்து ஈராக்கின் பாஸ்ராவில் கொரியா 2–0 என்று வென்று 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

அந்த அணியின் பயிற்சியாளர், 2002-இல் குவாங்ஜுவில் கடைசிப் பெனால்டி அடித்த அதே ஹாங் மியுங்-போ. அவரை 2024 ஜூலையில் நியமித்த விதம் முறையற்றது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் சியோலில் பாலஸ்தீனத்தோடு ஆடிய அன்று சொந்த மைதானத்திலேயே அவரை ஊளையிட்டார்கள். நாடாளுமன்றக் குழு அவரையும் சங்கத் தலைவர் சுங் மோங்-கியுவையும் கூப்பிட்டு விசாரித்தது. விளையாட்டு அமைச்சகத் தணிக்கையும் நியமனத்தில் விதிமீறல் இருப்பதாகச் சொன்னது. சுங் மோங்-கியு, 2002-இல் அதிபர் கனவு கண்டவரின் உறவினர், 2013-இல் தலைவரானவர். 2025 பிப்ரவரியில் மறுபடி தேர்தல். வாக்குரிமை சங்கத்தின் குழுவினர் 192 பேருக்கு மட்டும். 156 வாக்கு வாங்கி அவரே வந்தார். சதுக்கத்தை நிரப்பிய லட்சக்கணக்கானவர்களுக்கு அதில் ஒரு வாக்கும் இல்லை.

அதே 2025 ஜூன் 10 அன்று சியோல் உலகக் கோப்பை மைதானத்தில் குவைத்தோடு ஆட்டம். 1987-இன் அதே தேதி என்பதால் சொன்செங்னிம் என்னையும் வரச் சொன்னார். மேல்தளத்தில் பல இருக்கைகள் காலி. சங்கத்தின் மேலிருந்த கோபத்தில் சீட்டு வாங்காதவர்கள் எத்தனையோ பேர். இடைவேளைக்குப் பின் லீ காங்-இன் ஒன்று, ஓ ஹியோன்-கியு ஒன்று என்று கோல்கள் வந்தன. நட்சத்திர வீரர் சன் ஹியுங்-மின் கடைசியில்தான் இறங்கினார். அதற்கே மைதானம் எழுந்து நின்றது. 4–0. சொன்செங்னிம் ஐந்து கைதட்டலையும் விடாமல் தட்டினார்.

சுரங்க ரயிலுக்கு நடக்கும்போது வாக்குவாதம் தொடங்கியது. கால்பந்து சங்கத் தேர்தலில் ரசிகர்களுக்கு வாக்கு வேண்டும், அடுத்த தேர்தலுக்குள் விதியை மாற்ற வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். "அதிபரையே இறக்கிவிட்டோம், ஒரு சங்கத் தலைவரை இறக்க முடியவில்லையே," என்றார். பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்சி உரிமை முதலில் வரட்டும், நாடாளுமன்றத்தை அதற்குத்தான் முதலில் நெருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஓய்வுபெற்ற பின் கட்சியில் சேர்ந்துவிட்டவர் அவர், அந்த உறுப்பினர் அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தபோது இதை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார். இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கலாமே என்றேன். நான் கையெழுத்துப் போட முடியாது என்பதை நினைவூட்டிவிட்டு, படிவத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவது அரசியல் நடவடிக்கையில் வருமா என்று வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார்.